செவியே கண்ணாக



ரெங்கத்திலும் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் பொழுது விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போன பெரியவர்கள் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். விளக்கு மங்கிப்போன நாளில் நீங்கள் என்ன செய்தீர்கள்? மரப்பட்டையைக் கையால் தடவிப் பார்த்தீர்கள். முன்பு வெட்டிய கோடு எங்கே நிற்கிறது, இன்று கத்தியை எங்கே வைக்க வேண்டும் என்பதை விரலே சொல்லிவிட்டது. ஆகவே, கண்ணின் வேலையைக் கை செய்யும் என்பது உங்களுக்குப் புதிய செய்தியன்று. கண்ணின் வேலையைக் காது எப்படிச் செய்கிறது என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

கணினி தானாக எதையும் செய்யாது. காலைப் பெரட்டில் மண்டோர் சொல்லும் உத்தரவைப்போல, இன்னதன்பின் இன்னது செய் என்று ஒவ்வொரு வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த உத்தரவுத் தொகுப்புக்கு நிரல் என்று பெயர். ஒரு சிறு நிரலைப் பாருங்கள். முதல் வரி: மழை பெய்தால். இரண்டாம் வரி: வெட்டுக்குப் போகாதே. மூன்றாம் வரி: கோப்பைகளைக் கவிழ்த்து வை. நான்காம் வரி: பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு.

இரண்டாம், மூன்றாம் வரிகள் மழைக்கு மட்டும் உரியவை. அதைக் காட்ட அவ்விரண்டையும் ஓரத்திலிருந்து நான்கு இடம் உள்ளே தள்ளி எழுதுவார்கள். நான்காம் வரி எல்லா நாளுக்கும் உரியது. அது மீண்டும் ஓரத்துக்கே வந்துவிடும். கை தவறி நான்காம் வரியையும் உள்ளே தள்ளிவிட்டால் என்ன ஆகும்? மழை பெய்த நாளில் மட்டுமே பிள்ளை பள்ளிக்கூடம் போகும்! ஒரு சொல்லும் மாறவில்லை. இடம் மாறியது, பொருளே கெட்டது.

இப்போது ஒன்று கேட்கிறேன். எந்த வரி உள்ளே தள்ளியிருக்கிறது என்று நான் சொல்லாமல், நான்கு வரிகளை மட்டும் படித்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திராது. வானொலியில் வெற்றிடம் கேட்காது. பார்வையற்ற நிரலருக்கு நாள்தோறும் நேரும் சங்கடம் இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். தகப்பனார் பால்வெட்டுத் தொழிலாளி. மூன்றாம் ஆண்டுக்குள் அவளுடைய பார்வை ஏறக்குறைய போய்விட்டது. "வாத்தியாரய்யா, பிள்ளைக்குக் கணினி மேல் ஆசையாக இருக்கிறது. படிக்க முடியுமா?" என்று தகப்பனார் வந்து கேட்டார். பயிற்சிக் கல்லூரியில் படித்த நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கணினி கண்ணால் பார்த்துச் செய்கிற வேலையாயிற்றே, அண்ணே. வேறு கைத்தொழில் ஏதாவது பாருங்கள்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போனார். நான் சொன்னது தவறு. அது எப்படித் தவறு என்பதைக் கேளுங்கள்.

திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் செயலிகள் உள்ளன. அவற்றைத் திரைவாசிப்பான் என்கிறோம். ஒவ்வொரு வரிக்கும் "இடைவெளி, இடைவெளி" என்று அது சொல்லிக்கொண்டே இருந்தால் கேட்பவருக்கு அலுத்துவிடும். ஆகையால் அளவு மாறும்போது மட்டும் "நான்கு இடம்" என்று சொல்லும்படி வைத்துக்கொள்ளலாம். பேச்சே வேண்டாமென்றால் ஒலியாக வைத்துக்கொள்ளலாம். வரி உள்ளே போகப் போகச் சுருதி ஏறும். ஓரத்துக்கு வந்தால் இறங்கும். நாதசுவரக்காரர் ஒரு சுரம் பிசகினால் திருவிழாக் கூட்டத்தில் நிற்கும் நமக்கே தெரிகிறதல்லவா? அப்படித்தான் பழகிய காதுக்கு வரியின் பிசகும் தெரியும்.

விரலால் படிக்கும் வழியும் உண்டு. கணினியோடு இணைத்த பிரெயில் பலகையில் எழுத்துப் புள்ளிகள் மேலெழும்பும். 40 எழுத்து கொள்ளும் பலகை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மூன்று படி உள்ளே போன வரிக்கு, படிக்கு நான்கு இடமாக 12 இடம் வெறுமையாகவே போய்விடும், மிஞ்சுவது 28. எனவே சிலர் தம் வேலைக்குப் படிக்கு ஓரிடம் மட்டும் விடுகிறார்கள். சி, ஜாவா போன்ற கணினி மொழிகளில் தொடக்கத்தையும் முடிவையும் அடைப்புக்குறிகளே காட்டிவிடும். உள்தள்ளல் கண்ணுக்கு அழகு, அவ்வளவே. அவற்றில் எல்லாவற்றையும் ஓரத்திலேயே எழுதி, பார்வையுள்ள தோழரிடம் கொடுக்குமுன் ஒழுங்குபடுத்தும் செயலியை ஓடவிட்டுச் சீராக்கிக்கொள்வோரும் உண்டு.

ஆனால் 1991-இல் வெளிவந்த பைத்தான் என்னும் மொழியில் உள்தள்ளல் அழகுக்கன்று, அதுவே இலக்கணம். பார்வையற்றோருக்கு இம்மொழி ஒத்துவராது என்றே நாம் நினைப்போம். ஆனால் நடந்ததைக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006-இல் ஒரு திரைவாசிப்பானை உருவாக்கத் தொடங்கினார். சிறுவயதில் இசை முகாமில் அறிமுகமான ஜேம்ஸ் தே அவரோடு சேர்ந்தார், அவரும் பார்வையற்றவரே. அவர்கள் படைத்த என்.வி.டி.ஏ. என்னும் செயலி இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கொண்டு தமிழையும் மலாயையும் வாசிக்கவைக்கலாம். அதன் பெரும்பகுதி எந்த மொழியில் எழுதப்பட்டது? அதே பைத்தானில்தான்!

இந்தியாவின் புனே நகரைச் சேர்ந்த டி. வி. இராமன் 1965-இல் பிறந்தவர். கண் அழுத்த நோயால் 14 வயதில் பார்வையை முற்றும் இழந்தார். பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994-இல் முனைவர் பட்டம் பெற்றார். கணக்குச் சூத்திரங்களைக் கணினி வாசிப்பது எப்படி என்பதே அவருடைய ஆய்வு. எண்ணின் தலைமேல் ஏறி நிற்கும் சிற்றெண்ணைக் குரலின் சுருதியை உயர்த்திச் சொல்லச் செய்தார். அடுத்த ஆண்டு ஈமாக்ஸ்பீக் என்னும் செயலியை வெளியிட்டார். நாம் நிறத்தால் வேறுபடுத்தும் சொற்களை அது குரல் மாற்றத்தால் வேறுபடுத்திக் காட்டும். அவர் 2005-இல் கூகுள் நிறுவனத்தில் சேர்ந்தார்.

எல்லாம் எளிது என்று நான் சொல்லவில்லை. கண் ஒரே பார்வையில் பக்கத்தை அளந்துவிடும்; காது ஒவ்வொரு வரியாகத்தான் போக வேண்டும். நினைவும் பொறுமையும் மிகுதியாக வேண்டும். படங்களாகவே அமைந்த சில கருவிகள் இன்னும் வாய் திறப்பதில்லை. ஆனாலும் கடினமானது வேறு, முடியாதது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னதே நான் செய்த பிழை.

அந்தத் தகப்பனார் என் பேச்சோடு நின்றுவிடவில்லை. பலரிடம் விசாரித்து மகளைச் சிறப்புப் பள்ளியில் சேர்த்தார். பள்ளி விடுமுறையில் ஒருநாள் அவள் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தாள். சற்றுமுன் சொன்ன மழை நிரலை நான் அதில் தட்டச்சு செய்து கொடுத்தேன். காதில் செவிப்பேசியை வைத்துக் கேட்டவள் சிரித்தாள். "சார், கடைசி வரியை உள்ளே தள்ளிவிட்டீர்கள். வெயில் அடித்தால் யாருக்கும் பள்ளிக்கூடம் இல்லை" என்றாள். திரையைப் பார்த்தேன். கண்ணிருந்தும் நான் கவனிக்காத பிழையை அவள் காது பிடித்துவிட்டது. தகப்பனார் என்னைப் பார்த்தார். அன்றைய பேச்சை நினைவூட்டவில்லை. பெரிய மனது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் படித்தாலும், கரும்பலகை தெரியவில்லை என்றாலும், உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொன்னாலும் பிள்ளையை வீட்டுக்குள் வைத்து வளர்க்காதீர்கள். நம் ஜொகூர் பாருவிலேயே 1948-இல் தொடங்கிய இளவரசி எலிசபெத் பள்ளி இருக்கிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் 1951-இல் அமைந்த மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். வீட்டில் பழைய கணினி இருந்தால் விசைப்பலகையைத் தடவச் சொல்லுங்கள். எப், ஜே என்னும் இரண்டு விசைகளில் சிறு மேடு இருக்கும். சுட்டுவிரல்கள் நிற்க வேண்டிய இடம் அது. அங்கிருந்து தொடங்கலாம்.

என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். தெரியாததை "முடியாது" என்று சொல்லிவிடாதீர்கள். "விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள்.