அட்டகாசம்: ஒரு பாட்டுத் தொகுதியும் இரு தீர்ப்புகளும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஆறு இளம்பெண்களைக் கொண்டு உருவான மேனாட்டு இசைக்குழு ஒன்றின் இரண்டாவது பாட்டுத் தொகுதியாகும். இப்பொருள் நமக்கு ஏற்றதுதானா என்னும் ஐயம் உங்களுள் சிலருக்கு எழலாம். அந்த அறுவருள் ஒருவர் தமிழ்க் குடும்ப வழியில் வந்தவர். அவரைக் குறித்துப் பிற மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களில் பெற்றோர் ஒரு பக்கமும் பிள்ளைகள் ஒரு பக்கமுமாக நின்று வழக்காடுகின்றனர். ஆதலின் இது நம் வீட்டுப் பேச்சேயாம்.

அக்குழுவின் பெயர் 'கேட்ஸ்ஐ'. பூனைக்கண் என்று பொருள்படும் மணியின் பெயரால் அமைந்தது. அம்மணி நமக்குப் புதிதன்று. நவரத்தினங்களுள் ஒன்றாகிய வைடூரியமே அது. கொரியாவின் ஹைப் நிறுவனமும் அமெரிக்காவின் கெஃபன் நிறுவனமும் கூடி, உலகெங்கிலுமிருந்து வந்த ஏறத்தாழ 1,20,000 விண்ணப்பங்களினின்று இருபது பெண்களைத் தெரிந்தெடுத்துப் போட்டியில் நிறுத்தின. 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அறுவர் எஞ்சினர். பிலிப்பைன்ஸ், சுவிட்சர்லாந்து, தென்கொரியா, அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து வந்த அவர்களுள், லாரா ராஜகோபாலன் என்பார் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். லாரா ராஜ் என்னும் பெயரால் மேடையேறுகிறார். நெற்றியில் பொட்டும் அணிகிறார்.

இவர்களுடைய முதல் தொகுதி 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலும், 'பியூட்டிஃபுல் கேயாஸ்' என்னும் இரண்டாவது தொகுதி 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலும் வெளிவந்தன. இரண்டும் ஐந்தைந்து பாட்டுகளே கொண்ட குறுந்தொகுதிகள். இரண்டாவது, அமெரிக்காவின் பில்போர்டு தொகுதி வரிசையில் நான்காம் இடத்தில் நுழைந்தது. எனினும் அதற்கு முன்னோடியாக ஏப்ரல் மாத இறுதியில் வந்த 'நார்லி' என்னும் பாட்டு கிளப்பிய சர்ச்சை சிறிதன்று. இரைச்சல் என்றனர் சிலர். பொருளற்ற சொற்களின் குவியல் என்றனர் வேறு சிலர். இதுவே புதுமை என்று கொண்டாடினர் மற்றையோர். முதலில் எள்ளியவர்களே, மேடையில் அறுவரும் ஆடிப் பாடக் கண்டபின் மனம் மாறியதும் உண்டு. அக்குழு பில்போர்டின் நூறு பாட்டு வரிசையில் முதன்முதலாக இடம்பெற்றதும் இப்பாட்டினால்தான்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, அந்தத் தலைப்புச் சொல்லே வியப்பளித்தது. 'நார்லி' என்பது முதலில் கணுவும் முடிச்சுமாகத் திருகிக்கிடக்கும் மரத்தைக் குறித்தது. கலிபோர்னியாக் கடற்கரையில் அலைமீது பலகையேறிச் செல்லும் இளைஞர்கள், அஞ்சத்தக்க அலைக்கு அப்பெயரிட்டனர். நாளடைவில் 'மிக மோசமானது' என்னும் பொருளும் 'மிகச் சிறந்தது' என்னும் பொருளும் அதற்கு ஒருங்கே அமைந்துவிட்டன. அன்றாடப் பொருள்கள் பலவற்றை அடுக்கி, எல்லாவற்றிற்கும் அந்த ஒரே சொல்லைச் சூட்டிச் செல்வதே பாட்டின் போக்கு. போற்றுகிறார்களா, பழிக்கிறார்களா என்பது கேட்பவருக்கு விளங்காது. விளங்கவேண்டும் என்று பாடுபவர்களும் எண்ணவில்லை.

இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'அட்டகாசம்' என்பேன். உரக்க எழுப்பும் பெருஞ்சிரிப்பைக் குறித்த வடசொல் அது. 'இந்தப் பிள்ளைகளின் அட்டகாசம் தாங்கமுடியவில்லை' என்று தாய் குறைப்பட்டுக்கொள்கிறாள். 'சாப்பாடு அட்டகாசம்' என்று விருந்தினர் மகிழ்கிறார். ஒரே சொல் வசையாகவும் வாழ்த்தாகவும் வழங்குகிறது. பாட்டுக்குக் கிடைத்த வரவேற்பும் அவ்வாறே இருந்தது.

நிற்க. இரண்டாவது தொகுதி என்றாலே இருவகைக் கருத்து எழுவது, இக்குழுவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தின் 'ஸ்பைஸ் கேர்ள்ஸ்' ஐவர் 1996இல் வெளியிட்ட முதல் தொகுதி உலகையே சுற்றிவந்தது. 1997இல் வந்த இரண்டாவதும் நன்கு விற்றதாயினும் முதலாவதை எட்டவில்லை. கொரியாவின் 'பிளாக்பிங்க்' நால்வர் 2022இல் தந்த 'பார்ன் பிங்க்' என்னும் இரண்டாவது முழுத்தொகுதி அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பெற்றது, 'எட்டே பாட்டுகளா?' என்னும் குறையும் உடன் பிறந்தது. நம் நாட்டிலும், 2002இல் சேனல் வி தொலைக்காட்சி நடத்திய தேர்வின் வழியே ஐந்து பெண்களைக் கொண்டு 'விவா' என்னும் குழு உருவாயிற்று. அதன் முதல் தொகுதியை இளைஞர் நாடெங்கும் பாடினர். ஐவருள் ஒருவர் விலக, நால்வராய் நின்று தந்த இரண்டாவது தொகுதிக்கு அந்த வரவேற்பு கிட்டவில்லை. சில ஆண்டுகளில் குழுவும் கலைந்தது. ஆயினும் அவர்களுள் ஒருவராகிய நேஹா பாசின், 2007இல் வந்த 'சத்தம் போடாதே' படத்தில் யுவன் சங்கர் ராஜாவின் இசையில் தமிழில் பாடி நம் செவிக்கு உறவானார்.

காரணம் எளிது. முதன்முறை வருபவரை விருந்தாளியாக எண்ணிக் குறை பாராமல் ஏற்கிறோம். இரண்டாம் முறை வரும்போது கணக்குப் பார்க்கத் தொடங்குகிறோம். முன்போலவே இருந்தால் 'புதிதாக ஒன்றுமில்லை' என்கிறோம். மாறியிருந்தால் 'பழைய இனிமை எங்கே?' என்கிறோம்.

இனி, நம் இல்லங்களில் எழும் வழக்கிற்கு வருவோம். நான் வாழும் பெங்களூர்ப் பிரேசர் டவுன், 1898இல் பரவிய பிளேக் நோய்க்குப் பிறகு, நெருக்கத்தைக் குறைக்கும் பொருட்டு அமைக்கப்பெற்ற பகுதி. புலிகேசி நகர் என்பது அதன் இன்றைய பெயர். 1809இல் இவ்வூரில் இராணுவக் குடியிருப்பு ஏற்பட்ட நாள்தொட்டே, சென்னைப் படையோடும் அதைச் சார்ந்த தொழில்களோடும் தமிழர் இங்கு வந்து குடியேறினர். மசூதிச் சாலையில் கால்மணி நேரம் நடந்தால் தமிழும் கன்னடமும் உருதும் ஆங்கிலமும் காதில் விழும். இங்கு வளரும் தமிழ்ப் பிள்ளை பாட்டியிடம் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் பேசுகிறது. தமிழைக் காதால் அறிந்து கண்ணால் அறியாத பிள்ளைகள் பலர்.

இத்தகைய இல்லங்களில் லாராவைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் கேட்கின்றன. 'நம் தமிழ்ப் பெண் உலக மேடையில் நிற்கிறாள்' என்பது ஒன்று. 'பொட்டு வைத்துக்கொண்டு இப்படியா ஆடுவது? தமிழருக்கே தலைகுனிவு' என்பது மற்றொன்று. ஒன்றோடொன்று முரண்பட்டவையாகத் தோன்றினும் இவ்விரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. இரண்டுமே அப்பெண்ணைப் பாடகியாகக் கொள்ளவில்லை. நம் குலத்தின் சான்றிதழாகக் கொள்கின்றன. சான்றிதழ் நன்றாக இருந்தால் சட்டமிட்டு மாட்டுகிறோம், இல்லையேல் ஒளித்துவைக்கிறோம். பாட்டையோ இரு சாராரும் முழுமையாகக் கேட்பதில்லை.

ஊரைவிட்டு வந்த நமக்கு இந்த நோய் சற்று மிகுதி. நாம் யார் என்பதை அயலாருக்கு நாள்தோறும் மெய்ப்பிக்க வேண்டிய நிலையில், பிள்ளைகளின் உடை, பேச்சு, பாட்டு அனைத்தையும் சாட்சிகளாகக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். பதினான்கு வயதுப் பெண், தான் விரும்பும் பாட்டை வீட்டில் வாய்விட்டுப் பாட அஞ்சினால், அதைக் காதுக்குள்ளே ஒலிக்கும் கருவியில் கேட்டுக்கொள்வாள். நம்மோடு பேச ஒரு பொருள் குறையும். பேச்சுக் குறையும்போது தமிழும் குறையும். ஏனெனில் அவள் தமிழ் பேசும் இடம் அந்த வீடு ஒன்றுதான். பாட்டைப் பழித்து நாம் காக்க முயல்வது எதுவோ, அதையே இழக்க நேரிடும்.

இவ்வுண்மைக்கு வானொலியின் வரலாறே சான்று பகரும். 1952இல் பி. வி. கேஸ்கர் அமைச்சராகப் பொறுப்பேற்றபின், மக்களின் சுவையை உயர்த்தும் நன்னோக்கத்தோடு, வானொலியில் திரைப்பாடல்கள் வெகுவாகக் குறைக்கப்பட்டு, விரைவில் ஏறக்குறைய நின்றேபோயின. மக்கள் சுவை உடனே மாறிவிடவில்லை. வானொலிப் பெட்டியின் முள்தான் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பியது. 1957ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் 'விவித பாரதி' தொடங்கப்பெற்றபோது அப்பாடல்கள் திரும்பிவந்தன. கேஸ்கர் காலத்தில் சாத்திரிய சங்கீதத்திற்கு வானொலி செய்த தொண்டை எவரும் மறுக்கவியலாது. எனினும் நல்லதை ஊட்டுவதற்காக மற்றதன் கதவை அடைத்தால், கேட்பவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார் என்பதும் தெளிவாயிற்று.

எல். ஆர். ஈஸ்வரியையும் எண்ணிப் பாருங்கள். திரைப்படத்தில் அவர் பாடிய துள்ளல் பாட்டுகளைக் கேட்டு முகம் சுளித்த பெரியோர் பலர். அதே குரல் மாரியம்மன் பாடல்களாக ஆடித் திருவிழாக்களில் ஒலித்தபோது, அவர்களே கைகூப்பி நின்றனர். குரலில் இருந்த உரமும் வீறும் ஒன்றே. கேட்கும் இடமும் மனமும் வேறாயின.

அவ்வாறாயின் எதையும் குறைகூறலாகாதா என்று கேட்பீர்கள். தாராளமாகக் கூறலாம், ஆனால் கேட்டுவிட்டுக் கூறவேண்டும். என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து பாட்டுகள் ஒரு தொகுதிக்குப் போதா. பசியாறுமுன் இலையை எடுத்தாற்போல இருக்கிறது. 'நார்லி', காதுக்கு மட்டும் ஆக்கப்பட்டதன்று. ஆட்டத்தோடு காணும்போதுதான் அதன் தாளக்கட்டு விளங்குகிறது. அதில் வசைச்சொல் உண்டு. அது நீங்கிய வடிவமும் கிடைக்கிறது. சிறுவர்க்கு அதுவே தக்கது. 'கேப்ரியெலா' என்னும் பாட்டோ கட்டுக்கோப்பு உடையது. தன் காதலனைக் கவரவேண்டாம் என்று ஒருத்தி மற்றொருத்தியிடம் மன்றாடும் அப்பாட்டில், கித்தாரின் இசையும், இடையே வரும் ஸ்பானியப் பகுதியும் நன்கு பொருந்துகின்றன. அது 2025 நவம்பரில் கிராமி விருதுக்கு முன்மொழியப்பட்டது பொருத்தமே. நிறுவனம் வார்த்தெடுத்த குழு என்னும் குறையிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் வார்ப்பு எவருடையதாயினும், மூச்சு வாங்க ஆடிக்கொண்டே சுருதி பிசகாமல் பாடும் உழைப்பு அந்தப் பெண்களுடையது.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை இத்தகைய பாட்டொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தால், அருகில் அமர்ந்து ஒரு முறை முழுவதும் கேளுங்கள். பின்னர், 'இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? தமிழில் எப்படிச் சொல்வாய்?' என்று வினவுங்கள். அப்பிள்ளை தமிழில் சொல் தேடத் தொடங்கும்; கிடைக்காதபோது உங்களைக் கேட்கும். பிறகு பாட்டு பிடிக்கவில்லை என்று நீங்கள் சொன்னாலும், அதற்குக் காரணம் கேட்க அப்பிள்ளை அருகிலேயே இருக்கும்.