இரண்டு வண்டிகள், ஒரே திருப்பம்



திடலிலே கூம்புகளை நிறுத்தி, அவற்றினிடையே வண்டிகளை ஒவ்வொன்றாக வளைத்து ஓட்டச் செய்து, நேரத்தைக் கணக்கிடும் விளையாட்டிற்கு ஆட்டோகிராஸ் என்று பெயர். பழைய மாணவர் ஒருவர் அழைக்கவே, அத்தகைய மண் திடலொன்றில் நானும் இரு வண்டிகளை ஓட்டிப் பார்த்தேன்.

முதலாவது அம்பாசடர். எஞ்சின் முன்னே, உந்துவனவோ பின்சக்கரங்கள். திருப்பத்தில் வேண்டுமென்றே ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். வால் வெளிப்புறமாக வீசிற்று. அடுத்தது, 1983-இல் வெளிவந்த மாருதி 800. இதில் இழுப்பவையும் திரும்புபவையும் முன்சக்கரங்களே. அதே திருப்பத்தில் அவ்வாறே மிதித்தேன். வண்டி திரும்ப மறுத்து நேரே சென்றது.

காரணம் யாது? டயர் தரையைப் பற்றும் பிடிக்கு ஓர் எல்லை உண்டு. உந்துவதற்கே அதனைச் செலவிட்டால் திரும்புவதற்கு மிஞ்சாது. (ஓய்வூதியம் வாங்குவோர்க்கு இது எளிதில் விளங்கும்!) பிரேக்கிற்கும் இதே கணக்குத்தான். வளைவின் நடுவே பிரேக்கை அழுத்தினார் ஓர் இளைஞர். பாரம் முன்னே சாய்ந்தது, பின்சக்கரங்கள் பிடியிழந்தன, வண்டி முழுவட்டம் சுழன்றது. திடலாதலால் விழுந்தவை மூன்று கூம்புகள் மட்டுமே. அடுத்த சுற்றில் அவர் நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அதன்பின் திருப்பினார். ஒரு கூம்பும் அசையவில்லை.