யூஸுஃப் நபியின் கிணறும் தொண்ணூறின் பிள்ளைகளும்

 



1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் தம் மண்ணைவிட்டு வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம். சுமார் 70,000 பேர் அகதிகளாயினர். மன்னார்த் தீவிலிருந்து படகேறியோர் கற்பிட்டியில் கரையிறங்கினர். அதே ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி, வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றோர் சுடப்பட்டனர். ஷஹீதானோர் நூற்றுக்கும் அதிகம். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர்.

இவற்றை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். காணி, வீடு, நட்டஈடு, மீள்குடியேற்றம் எனப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அன்று ஐந்து வயதிலும் பத்து வயதிலும் இருந்த பிள்ளைகளின் உள்ளத்துக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டோமா? உம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி சோதனைச் சாவடியில் நின்றவர்களும், வாப்பாவின் ஜனாஸாவைக் கண்டவர்களும் இன்று நாற்பதைக் கடந்து, பிள்ளைகுட்டிகளோடு நம் ஸஃப்புகளில் நிற்கின்றனர். பட்டாசுச் சத்தம் கேட்டால் ஒருவருக்கு உடல் நடுங்குகிறது. ஒருவர் இரவில் அலறி எழுகிறார். இன்னொருவர் அற்பக் காரணத்துக்கு மனைவி மக்கள்மீது சீறிவிழுகிறார். ஏன் சீறினோம் என்பது அவருக்கே விளங்குவதில்லை. தீராத தலைவலிக்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குவோரும் உண்டு. துன்பம் கண்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்நிலை ஏற்படுவதில்லை. பெரும்பாலோர் அல்லாஹ்வின் அருளால் மீண்டு விடுகின்றனர். மீளாதவர்களைப் பற்றியே இங்கே பேசுகிறேன்.

அவர்களிடம் நாம் சொல்வதென்ன? “ஸப்ர் செய்யுங்கள், பழையதைக் கிளறாதீர்கள், ஈமான் குறைந்தால்தான் இப்படியாகும்.” இந்தக் கடைசி வார்த்தை மிகக் கொடியது. மார்க்கத்தில் அதற்கு ஆதாரமும் இல்லை.

யஃகூப் (அலை) அவர்களை எண்ணிப் பாருங்கள். அழகிய பொறுமையை மேற்கொண்டவர்கள் என்று அல்குர்ஆன் நமக்குக் காட்டும் அதே நபிதான், மகனை நினைந்து அழுதழுது கண்கள் வெளுத்துப் போனார்கள். அவர்களுடைய ஈமானில் குறை காண எவருக்குத் துணிவுண்டு? நம் நாயகம் (ஸல்) அவர்கள் ஆறு வயதில் அப்வாவில் தம் அன்னையை இழந்தார்கள். பல்லாண்டுகள் கழித்து அந்தக் கப்ரை ஸியாரத் செய்தபோது தாமும் அழுது, சூழ நின்றோரையும் அழவைத்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆறு வயதுப் பிள்ளையின் துக்கம் நபித்துவத்தின் உச்சத்திலும் கண்ணீராக வெளிப்பட்டது.

இனி யூஸுஃப் (அலை) அவர்கள். அவர்களைக் கிணற்றில் தள்ளியவர்கள் அந்நியரல்லர், சொந்தச் சகோதரர்கள். எகிப்தின் அதிகாரத்தில் அமர்ந்தபின் அதே சகோதரர்கள் எதிரில் வந்து நின்றபோது, முதலில் தம்மை யாரென்று காட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் சொன்ன பழிச்சொல்லையும் உள்ளத்துள் அடக்கிக்கொண்டார்கள். வேளை வந்தபோதோ, யூஸுஃபுக்கும் அவர் தம்பிக்கும் தாங்கள் இழைத்ததை அறிவார்களா என்று நேருக்கு நேர் வினவினார்கள். இன்று உங்கள்மீது பழியில்லை என்னும் மன்னிப்பு அதன் பின்னரே வருகிறது. இந்த வரிசையைக் கவனியுங்கள். நடந்ததை வாய்திறந்து சொன்னது அவர்களுடைய பொறுமைக்குச் சிறிதும் இழுக்காகவில்லை.

மருந்து செய்யலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது, செய்யுங்கள் என்றே அண்ணலார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். காய்ச்சலுக்கும் நீரிழிவுக்கும் வைத்தியரிடம் ஓடுகின்ற நாம், உள்ளத்தின் நோய் என்றதும் தண்ணீர் ஓதவும் இசிமு கட்டவும் தேடுகிறோம். ஓதிப் பார்ப்பதை நான் மறுக்கவில்லை, நானும் ஓதுகிறேன். ஓதியதோடு வைத்தியத்தை நிறுத்திவிடுவதும், ஜின்னை விரட்டுகிறோம் என்று நோயாளியை அடிப்பதும் கட்டிவைப்பதும் அநியாயமாகும்.

‘அங்கொடை’ என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். குமர்ப்பிள்ளையின் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்றஞ்சி, வேற்றூர் வைத்தியசாலைக்கு இருட்டோடு போய்வரும் குடும்பங்கள் உள்ளன. அவர்கள் அஞ்சுவது நோய்க்கா, நம் நாவுக்கா?

அரசாங்க வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவில் சிகிச்சை இலவசம். பயிற்சி பெற்ற வைத்தியரோ உளவளத்துணையாளரோ பாதிக்கப்பட்டவரைப் படிப்படியாகப் பேசவைத்து, அந்தப் பழைய நாளின் அச்சம் இன்றைய நாளை ஆளாதபடி பழக்குவார். தேவையாயின் மருந்தும் உண்டு. ஓரிரு தடவையில் முடியாது, மாதங்கள் ஆகலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். வாய்திறக்கத் தயங்குபவரைக் குடும்பத்தார் நச்சரிக்க வேண்டாம். முதல் நாளில் கூடவே போய் வெளி வாங்கில் அமர்ந்திருங்கள், அதுவே பேருதவி.

யா அல்லாஹ்! தொண்ணூறின் பிள்ளைகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களைப் பழித்துப் பேசுவதிலிருந்து எங்கள் நாவுகளைக் காப்பாயாக. ஆமீன்.