மண் பாதையும் நம் பிழைப்பும்



பரிசளிப்பு விழாவிலே வாத்தியார் ரோட்டைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிரிக்காதீர்கள். பள்ளிக்கூட பஸ்ஸும் செம்பனைக் குலை ஏற்றும் லாரியும் அந்த மண் பாதையில்தான் ஓடுகின்றன. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். லாரி சேற்றில் மாட்டினால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் கெடும்.

மண் பாதைக்கு எதிரி தண்ணீர். அதனால்தான் நடுவை மேடாக்கி, இரு பக்கமும் அல்லூர் வெட்டியிருக்கிறார்கள். மழை விட்ட கையோடு மோட்டார் சைக்கிளையோ ஜீப்பையோ முறுக்கினால் சக்கரம் சுழன்று பள்ளம் விழுகிறது. அடுத்த மழைத் தண்ணீர் அல்லூருக்குப் போகாமல் அந்தப் பள்ளத்திலேயே ஓடி மண்ணை அரித்துவிடும். கோலா சிலாங்கூர் கடலோரம் களிமண், ராஜா மூசா காட்டுப் பக்கம் கரிமண். இரண்டும் ஈரத்தில் பாரம் தாங்காது.

1997-இல் நம் நாட்டில் 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' என்ற ஜீப் போட்டி தொடங்கியது. மழைக்காலத்துச் சேறுதான் அதற்கு மைதானம். பார்க்கும் பையன்களுக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனால் நம் பாதை மைதானமல்லவே!

மாணவர்களே, உங்கள் அண்ணன்மாரிடம் சொல்லுங்கள்: மழை விட்டால் கொஞ்சம் பொறுக்கட்டும். போயே தீரவேண்டுமென்றால் சின்ன கியரில், சீராகப் போகட்டும். ஜீப்காரர்கள் வழுக்கிய பிறகல்ல, சேற்றில் இறங்கும் முன்பே நாலு சக்கர இழுப்பைப் போடட்டும். குட்டையைச் சுற்றி ஓரமாகப் போனால் அல்லூர்க் கரை இடியும். இறங்கி ஆழம் பார்த்து நேராகவே போகலாம்.

அல்லூரில் மட்டை விழுந்து அடைத்திருந்தால் பெரியவர்கள் எடுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். கிராணி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.