தயிர்ச் சட்டியும் வானொலிப் பெட்டியும்



உணவுக் கடைக்கும் இசைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. வீடுதோறும் வானொலி இல்லாதிருந்த காலத்தில், கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களுக்குத் தேத்தண்ணிக் கடையே பொதுச் செவியாக விளங்கிற்று. ஒரு பிளேன்டீயின் விலைக்குச் செய்தியும் கிடைத்தது, பாட்டும் கிடைத்தது.

1949 இல் தனித் திணைக்களமாக அமைந்த இலங்கை வானொலிக்கு அக்காலம் பொற்காலம். 1952 இல் அகில இந்திய வானொலி திரையிசையை ஒதுக்கத் தலைப்பட்டது. 1957 இல் விவித பாரதி தோன்றும்வரை, அப்பாடல்களை நாடிய தமிழகத்தாரும் கொழும்பு நோக்கியே செவி சாய்த்தனர். ஜப்பானிலும் இதனையொத்த வழக்கம் இருந்தது. இசைத்தட்டு விலைகொடுத்து வாங்க இயலாத இளைஞர், ஒரு கிண்ணம் காப்பியுடன் 'ஜாஸ் கிஸ்ஸா' எனப்படும் கடைகளில் மணிக்கணக்காக அமர்ந்து இசை கேட்டனர்.

இன்று பாட்டு ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கின்றது. ஆயினும் பழைய வானொலிப் பெட்டியை அலங்காரமாக வைத்துப் பழம்பாடல்களை ஒலிக்கவிடும் உணவுக் கடைகள் பல நாடுகளிலும் பெருகி வருகின்றன. அது நல்லதே. ஆனால், செவிக்குப் பழமை தரும் கடை, நாவுக்கு எதைத் தருகின்றது?

கிழக்குக் கரையின் சிறப்புணவாகிய எருமைத் தயிரை எடுத்துக்கொள்வோம். எருமைப்பாலில் நூற்றுக்கு ஏழு பங்களவு கொழுப்பு உண்டு. பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் உறைமோரிட்டு, மண்சட்டியில் ஊற்றி வைப்பர். சட்டியின் நுண்துளைகள் நீரை ஈர்த்துக்கொள்வதால் தயிர் கட்டியாக உறைகின்றது. பிளாஸ்டிக் கிண்ணம் இதனைச் செய்யாது. அது உடையாது, விலையும் குறைவு. ஆனால் அதனை விரும்புவோர் பெருகப் பெருக, குயவரின் சக்கரம் ஓய்ந்து போகும். மேய்ச்சல் நிலம் சுருங்கினால் எருமைப்பாலும் அருகிப் போகும். அதன்பின் பால்மாவைக் கரைத்து உறையவைத்து, அதற்குப் பழம்பாட்டைப் பக்கமேளமாக்குவதில் பொருளில்லை.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையில் அம்பாறை மாவட்டத்திலேதான் மிகுதியான உயிர்களைப் பறித்தது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் கடலோர வீடுகள் பல அடியோடு அழிந்தன. முன்னோர் வைத்திருந்த பொருளென்று எடுத்துக் காட்ட ஒன்றுமின்றிப் போன குடும்பங்கள் பல. அத்தகையோர்க்குப் பழம்பாட்டு வெறும் பொழுதுபோக்கன்று. மறைந்துபோன ஒரு வீட்டின் ஒலி அது. தயிரும் பாணியும் அவ்வீட்டின் சுவை.

ஆதலின், பழம்பாட்டை ஒலிக்கவிடும் கடைக்காரர் ஒரு வாக்குறுதியையும் அளிக்கின்றார். பாட்டைக் கேட்டு உள்ளே வருபவர் சட்டியைத் திறக்கும்போது, அந்த வாக்குறுதி பொய்யாகாதிருத்தல் வேண்டும். வாங்குபவர்க்கும் ஒரு கடமை உண்டு: மண்சட்டிக்கென்று கேட்கப்படும் சிறிதளவு கூடுதல் விலையை முகஞ்சுளிக்காமல் கொடுப்பதே அது.