நீ எப்படி இருக்கே?



என் தங்கச்சி பிரசவத்துக்காக ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்துக்குப் போய் மூணு மாசம் இருந்துட்டு வந்தேன். இங்க ஆடிக் காத்து அடிக்கும்போது அங்க கடுங்குளிர். பஸ்ஸை விட்டு இறங்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளைங்ககூட டிரைவருக்கு ‘தேங்க் யூ’ சொல்லிட்டுத்தான் இறங்குதுங்க. பத்தாவது படிச்ச நான் அங்க வாய்விட்டுப் பேசின முதல் இங்கிலீஷ் அதுதான்.

அதைவிட ஒரு கேள்வி இன்னும் மனசுல நிக்குது. குழந்தை பிறந்தா அங்க நகராட்சி நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கிறாங்க, காசு கிடையாது. குழந்தையை எடை போட்டுட்டு, தங்கச்சி பக்கம் திரும்பி ஏதோ கேட்டாங்க. அவ பொலபொலன்னு அழுதுட்டா. அப்புறமா, “நீ எப்படி இருக்கே, தூங்குறியான்னு கேட்டாங்கக்கா” என்றாள். கூடவே இருந்த நான், பிள்ளை பால் குடிச்சானா, பத்தியம் சாப்பிட்டியான்னுதான் கேட்டேன். அதைக் கேட்கவே இல்லை.

நம்ம கூட்டத்திலும் சேமிப்பு, தவணைதான் கேட்கிறோம். தவணை கட்டாத அக்காகிட்ட ஏன் கட்டலைன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்போம். எங்க குழுவில் இப்ப அப்படித்தான் ஆரம்பிக்கிறோம்.