சேர்த்து வைக்க முடியாத மன்னா



நாமக்கல் பட்டறைகளில் லாரிக்கு பாடி கட்டுகிறோம். சேலத்தில் உருக்காலை வைத்திருக்கிறோம். ஆனால் ஒரு சொட்டு இரத்தம் செய்து தரும் ஆலை உலகில் எங்கும் இல்லை. மனிதர் தந்தால்தான் மனிதருக்கு உண்டு.

நெடுஞ்சாலையில் விபத்து என்றால் ஓடிப்போய்க் கொடுக்கிறோம், நல்லது. தலசீமியாவோடு பிறந்த குழந்தைக்கோ இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை சிவப்பணு ஏற்ற வேண்டும். புற்றுநோய் மருந்தால் தட்டணு குறைந்தவரும், பிரசவத்தில் இரத்தம் இழந்த தாயும் காத்திருக்கிறார்கள்.

நாம் தரும் 350 மில்லி இரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா எனப் பிரிக்கிறார்கள். சிவப்பணு 42 நாள் வரை தாங்கும். தட்டணு 5 நாள்தான். பாலைவனத்தில் மறுநாளுக்கென்று எடுத்து வைத்த மன்னா புழுத்துப்போனதே, நினைவிருக்கிறதா? பங்குத் திருவிழா முகாமில் நூறு பேர் கொடுத்துவிட்டு ஆண்டு முழுவதும் மறந்துவிட்டால் போதாது. கல்லூரிகள் மூடும் மே மாதத்தில்தான் தட்டுப்பாடு அதிகம்.

ஓர் உண்மையைச் சொல்கிறேன். பல ஆண்டுகள் இளைஞர்களை முகாமுக்கு அனுப்பிவிட்டு, ஊசிக்குப் பயந்து நான் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். தினமும் பீடத்தில் கிண்ணத்தை உயர்த்தும் கை, அங்கே நீளவில்லை. 52 வயதில்தான் முதன்முறையாகக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் முடிந்தது.

18 முதல் 65 வயதுக்குள், குறைந்தது 45 கிலோ எடையும் போதிய ஹீமோகுளோபினும் உள்ளவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. நம் அன்பியங்கள் மாதத்துக்கு ஒன்றாக முறை வைத்துக்கொள்ளட்டும். முதல் மாதம் நானும் வருகிறேன்.

ஆமென்.